வரி இல்லை, கணக்கு உண்டு: தருமபுரி இளைஞரும் வருமான வரியும்

தருமபுரி மாவட்டத்து இளைஞர்களில் பலர் முதல் சம்பளத்தை மாவட்டத்துக்கு வெளியேதான் வாங்குகிறார்கள். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும், பெங்களூரின் அலுவலகங்களுக்கும் கட்டட வேலைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பிள்ளைகள் போகிறார்கள். வேலை வெளியூரில் என்றாலும் வருமான வரி எப்போது கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு விடை ஊரில்தான் தேடப்படுகிறது. இரண்டரை லட்சம் என்பார் ஒருவர், ஐந்து என்பார் இன்னொருவர், ஏழு, பன்னிரண்டு என்றும் சொல்வார்கள். இவற்றில் எதுவும் கட்டுக்கதை இல்லை. இரண்டரை லட்சம் 2014-15 முதல் பழைய வரி முறையின் அடிப்படை விலக்கு வரம்பு. ஐந்து லட்சம் 2019-20 முதல் அதே முறையில் தள்ளுபடி கிடைக்கும் எல்லை. ஏழு லட்சம் 2023-24இல் புதிய முறைக்கு வந்த தள்ளுபடி எல்லை. அது 2025-26இல் பன்னிரண்டு லட்சமாக உயர்ந்தது. நான்கும் வெவ்வேறு முறைக்கும் ஆண்டுக்கும் உரியவை. வரி உண்டா, ரிட்டர்ன் போட வேண்டுமா, ஏற்கெனவே பிடித்த பணம் திரும்புமா, எந்த வகை வருமானம் என்ற நான்கு கேள்விகளையும் பிரிக்காமல் கேட்பதால்தான் குழப்பம். இந்த மாவட்டத்து இளம் தொழிலாளிக்கு முதல் கேள்வியின் விடை பெரும்பாலும் "இல்லை" என்பதே. அந்த "இல்லை"யை மற்ற மூன்றுக்கும் நீட்டிக்கொள்வதில்தான் அவர் கையிலிருந்து பணம் போகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இங்கே வரும் எண்கள் 2025-26 நிதியாண்டுக்குரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றுகிறது, "வரி ஆண்டு" என்ற ஒரே பெயரைக் கொண்டுவருகிறது. இங்கே பேசும் அடிப்படைக் கணக்கை அது புரட்டிப்போடவில்லை.

வயதை வைத்துச் சொல்லப்படும் விளக்கங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். "படிக்கிற பையனுக்கு வரி கிடையாது", "இருபத்தொன்று ஆகட்டும்" என்பவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. பழைய முறையில் 60 வயதையும் 80 வயதையும் கடந்தவர்களுக்கு விலக்கு வரம்பு கூடும். அதற்குக் கீழே எந்த வயதுக்கும் தனிச் சலுகை இல்லை. 18 நிறையாதவர்களுக்கு ஒரு விதி உண்டு. பிள்ளையின் பெயரில் இருக்கும் வைப்புத்தொகையின் வட்டி, தாய் தந்தையரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். உடல் உழைப்பாலோ சொந்தத் திறமையாலோ அந்தப் பிள்ளை ஈட்டியது மட்டும் அவருடைய தனி வருமானமாகவே நிற்கும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் பதினேழு வயதில் வாங்கிய கூலியைத் தந்தையின் வருமானத்தோடு யாரும் சேர்க்க முடியாது. உலகில் வயதை வைத்து வரி விலக்கும் நாடுகள் இருக்கின்றன. போலந்து 2019 ஆகஸ்டு முதல் 26 வயதுக்கு உட்பட்டவர்களின் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வரை வருமான வரி வேண்டாம் என்று வைத்திருக்கிறது. இந்தியா அந்த வழியில் போகவில்லை. விலக்கு வரம்பையே உயரமாக வைத்ததால் போக வேண்டிய தேவையும் குறைவு. படிப்புக்கான உதவித்தொகைக்கு வரி கிடையாது என்பதால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயைப் பற்றிக் கவலையே வேண்டாம். தொழிற்பழகுநருக்குத் தரும் ஊக்கத்தொகை சம்பளமா உதவித்தொகையா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் அதற்கு வைத்த குறைந்தபட்சம் கல்வித் தகுதியைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். ஆண்டுக்கு லட்சத்தைச் சுற்றி நிற்கும் அந்தத் தொகைக்கு வாதத்தின் முடிவு எப்படி இருந்தாலும் வரி வராது.

சம்பளக் கணக்கை மெதுவாகப் பார்க்க வேண்டும். புதிய முறையே இப்போது இயல்பான முறை. பழையதை வேண்டுமென்று கேட்டால்தான் அது கிடைக்கும். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். சம்பளக்காரருக்கு இந்தக் கணக்குக்கு முன்பே 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டு. மாதம் 18,000 வாங்குபவரின் ஆண்டுச் சம்பளம் 2,16,000. எந்தக் கோட்டையும் தொடாது. 30,000 வாங்குபவருக்கு 3,60,000. கழிவு போக 2,85,000. வரியும் இல்லை, சம்பளத்துக்காக மட்டும் ரிட்டர்ன் போடும் கடமையும் இல்லை. 40,000 வாங்குபவரிடம்தான் கணக்கு திரும்புகிறது. ஆண்டுக்கு 4,80,000, கழிவு போக 4,05,000. நான்கு லட்சத்துக்கு மேலே நிற்கும் 5,000 ரூபாய்க்கு 5 சதவீத வரி 250 ரூபாய். பிரிவு 87ஏ தரும் தள்ளுபடி அதையும் துடைத்துவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம். ஆனால் ரிட்டர்ன் போடும் கடமையை நிர்ணயிப்பது தள்ளுபடிக்கு முந்தைய வருமானம். அது 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வழக்கமாக ஜூலை 31 ஆக இருக்கும் கெடுவை விட்டுப் பிறகு போட்டால், வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாயும் அதற்கு மேல் 5,000 ரூபாயும் தாமதக் கட்டணம். ஒரு ரூபாய் வரி இல்லாதவர் ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்டும் விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது. ஆக, சம்பளம் மட்டுமே உள்ளவருக்கு ஆண்டுக்கு 4.75 லட்சம் ரிட்டர்னின் கோடு, 12.75 லட்சம் வரியின் கோடு. இடையே கிடக்கும் எட்டு லட்ச ரூபாய் அகலம்தான் வரி இல்லாமல் கணக்கு மட்டும் காட்ட வேண்டிய பகுதி. டிப்ளமோவும் பொறியியலும் முடித்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகும் பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்து சேர்வதும் பெரும்பாலும் இந்த அகலத்துக்குள்தான்.

கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைக் கையில் வரும் சம்பளத்தை வைத்துப் பார்க்கக்கூடாது. பி.எஃப். பிடித்தம் போக வங்கியில் ஏறும் 36,000தான் பலருக்கு மனதில் நிற்கும் எண். புதிய முறையில் தொழிலாளியின் பி.எஃப். பங்குக்குக் கழிவு கிடையாது. ஓவர்டைமும் தீபாவளி போனஸும் சேர்ந்த மொத்தமே கணக்கு. சம்பளச் சீட்டில் இருக்கும் தொழில் வரியை வருமான வரி என்று எண்ணி, "எனக்குத்தான் பிடிக்கிறார்களே" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது வேறு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1,250 ரூபாய் வசூலிப்பது அது. கர்நாடகத்தில் மாநில அரசு பெரும்பாலான மாதங்களில் 200 ரூபாய் என்று பிடிக்கிறது. மத்திய அரசின் வருமான வரியோடு அதற்குத் தொடர்பில்லை.

உண்மையான இழப்பு நடக்கும் இடம் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துச் செலுத்தும் வரி. மாதம் 30,000 வாங்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரை நிறுவனம் ஊழியர் என்று பதிவு செய்திருக்கிறது. அவருக்குப் பிடித்தம் எதுவும் இல்லை. இன்னொருவரை ஆலோசகர் என்றோ ஃப்ரீலான்சர் என்றோ எழுதி, தொழில்முறைக் கட்டணமாகப் பணம் தருகிறது. பிரிவு 194ஜே-யின்படி 10 சதவீதம் பிடித்தாக வேண்டும். ஆண்டுக்கு 36,000 ரூபாய் அரசிடம் போகிறது. இந்த இரண்டாமவருக்கும் 3.6 லட்சம் வருமானத்துக்கு வரி கிடையாது. அவர் 36,000 கட்டவில்லை, அரசிடம் கொடுத்துவைத்திருக்கிறார். ரிட்டர்ன் போட்டால் திரும்பும், போடாவிட்டால் அங்கேயே கிடக்கும். ஆண்டுக்கு 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டி.டி.எஸ். பிடிக்கப்பட்டிருந்தால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம் என்பதால் அவர் கடமையையும் தவறவிடுகிறார். உணவோ பொட்டலமோ கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி வேலையில் அளவு சிறிது. ஒப்பந்தக்காரர் என்ற கணக்கில் தனிநபருக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். 3 லட்சம் ஈட்டினால் 3,000. அவர் ஊழியர் இல்லை என்பதால் 75,000 நிலைக்கழிவு அவருக்குக் கிடையாது; பதிலாகப் பெட்ரோல், வண்டிச் செலவு போக மிஞ்சுவதுதான் அவர் வருமானம். பான் எண் கொடுக்காவிட்டாலோ, ஆதாரோடு இணைக்காததால் அது செயலிழந்திருந்தாலோ, 1 சதவீதம் 20 ஆகிவிடும். அந்த இணைப்பைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். சரிபார்க்காதவர் இழப்பது 3 லட்சத்தில் 60,000.

கட்டட வேலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெங்களூருக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி தன் கணக்கு சரியில்லை என்று குழுவில் படித்த பையன் ஒருவனின் வங்கிக் கணக்கையும் பான் எண்ணையும் கொடுத்துப் பில் போடச் சொல்வது உண்டு. பத்துப் பேருக்கான கூலி முழுவதும் அந்தப் பையனின் வருமானமாக வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்திலும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் ஏறிவிடும். கூலி கொடுத்ததற்கு எழுத்தில் எதுவும் இருக்காது. இருபது வயதுப் பையனுக்கு வருமான வரி நோட்டீஸ் வருவதென்றால் இப்படிப்பட்ட வழிகளில்தான் வரும். தன் பெயரில் பிறர் பணத்தை வாங்காமலிருப்பது வரி பற்றி அவன் கற்க வேண்டிய முதல் பாடம் என்றே சொல்வேன்.

பி.எஃப். பணம் தனியாகப் பேசத்தக்கது. ஓசூரிலோ திருப்பூரிலோ இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டு, ஊரில் ஒரு கல்யாணம் அல்லது வீட்டு வேலை என்றதும் கம்பெனியை விட்டு பி.எஃப்.பை எடுப்பது வழக்கம். தொடர்ச்சியான ஐந்தாண்டுப் பணி நிறையும் முன் எடுத்தால் முதலாளியின் பங்கும் வட்டியும் வரிக்குரிய வருமானம். எடுக்கும் தொகை 50,000 ரூபாயை எட்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் 20. 60,000 எடுப்பவர் 6,000 அல்லது 12,000 இழந்து, "பி.எஃப். ஆபீசில் கட் பண்ணிட்டாங்க" என்று சொல்லி விட்டுவிடுகிறார். அந்த ஆண்டின் மொத்த வருமானத்துக்கு வரி வராது என்று 15ஜி படிவத்தை முன்பே கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. பிடித்த பிறகும் ரிட்டர்ன் வழியே திரும்பப் பெறலாம். எல்லாவற்றையும் விட எளியது, வேலை மாறும்போது பணத்தை எடுக்காமல் புதிய கம்பெனியின் கணக்குக்கு மாற்றிக்கொள்வது. அப்போது பழைய பணிக்காலமும் ஐந்தாண்டில் சேரும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மூவாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் ஆடிட்டரைத் தேடி அலைவதா, ஒரு நாள் கூலியும் அவருக்கான கட்டணமும் போனால் மிஞ்சுவது என்ன என்று கேட்பார்கள். அரசு அதிகமாகப் பிடித்துவிட்டு, திரும்பக் கேட்கும் வேலையைத் தொழிலாளி தலையில் வைப்பது சரியா என்பது அதன் கூர்மையான வடிவம். இரண்டாவது கேள்வியோடு எனக்கு உடன்பாடு உண்டு. வரி வராத அளவுக்குச் சம்பாதிப்பவரிடம் பிடிப்பதும் பிறகு திருப்புவதும் இரு பக்கமும் வீண் வேலை. முதல் கேள்வி கணக்கில் நிற்காது. சம்பளம் மட்டும் உள்ளவரின் ரிட்டர்னை வரித் துறையின் இணையதளமே பாதி நிரப்பித் தருகிறது. போடுவதற்கு அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஜூலைக் கெடு தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். அதையும் விட்டவர்கள் நான்கு ஆண்டுவரை போடலாம் என்று கேள்விப்படும் புதுப்பித்த ரிட்டர்ன் இதற்கு உதவாது. அது கூடுதல் வரி கட்டுவதற்கானது, பணம் திரும்பக் கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. திரும்பக் கேட்பதற்கு, காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்குமாறு விண்ணப்பிக்கும் தனி வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை அது திறந்திருக்கும். வங்கிக் கடனுக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் ரிட்டர்ன் கேட்கிறார்கள் என்பது இதற்கு மேல் கிடைக்கும் லாபம்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு வேறொரு நம்பிக்கை உண்டு: விவசாயத்துக்கு வரி இல்லை. உண்மைதான், பாலக்கோட்டுத் தக்காளிக்கும் மாங்காய்த் தோப்புக்கும் கரும்புக்கும் வருமான வரி கிடையாது. வேறு வருமானம் 4 லட்சத்தைத் தாண்டும்போது மட்டும், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட வேளாண் வருமானத்தையும் கூட்டி வரி விகிதம் பார்ப்பார்கள். ஆனால் விவசாயி செய்வதெல்லாம் சட்டத்தின் கண்ணில் விவசாயம் ஆகாது. பால் மாடும் கோழிப் பண்ணையும் தொழில் வருமானம். இந்த மாவட்டத்துக்கு மிக நெருக்கமானது பட்டுக்கூடு. மல்பெரிச் செடி வளர்ப்பது வேளாண்மை. அந்த இலையைப் புழுவுக்குப் போட்டு, கூட்டைத் தருமபுரி அங்காடியில் ஏலம் விடும்போது கிடைப்பது வேளாண் வருமானம் இல்லை என்று தொண்ணூறுகளின் இறுதியில் கே. லட்சுமணன் அண்ட் கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடு நிலத்தில் விளைந்த பொருளன்று, புழு தந்த பொருள் என்பதே அதன் தர்க்கம். புழு வளர்ப்பவருக்கு இது ஏற்க முடியாததாகத் தோன்றும். இலையையும் புழுவையும் பிரித்து அவர் வேலை செய்வதில்லை. இருந்தும் சட்டம் அதுதான். சிறு வளர்ப்பாளருக்கு இதனால் வரி வந்துவிடாது, செலவு போக மிஞ்சுவது நான்கு லட்சத்தைத் தொடுவது அரிது. பெங்களூரில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு ஊரில் தன் பெயரில் கூடு விற்கும் இளைஞர்தான் அதை வேளாண் வருமானம் என்று எழுதித் தவறிழைப்பார். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்து வெளிநாடுவாழ் இந்தியராக ஆகிவிட்டவரின் அந்நாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஊரில் வரும் வட்டியும் வாடகையும் இங்கத்திய கணக்கில் வரும்.

இதுவரை சொன்னவர்களில் பெரும்பாலோர் வரி கட்டவேண்டியவர்களாக இல்லை. சிறிய வருமானத்திலும் வரி கட்டவேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் இருப்பது கைப்பேசி. ஆண்டுச் சம்பளம் 5 லட்சம் உள்ள ஒருவர் அந்தக் கைப்பேசி வழியே பங்குகளை வாங்கிச் சில மாதங்களில் விற்று 50,000 லாபம் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் கழிவு போக 4.25 லட்சம், அதற்கான வரியைத் தள்ளுபடி துடைக்கும். பங்கு லாபம் தனி விகித வருமானம்; அதற்கு 20 சதவீதம், தள்ளுபடி அதைத் தொடாது. 10,000 ரூபாயும் 4 சதவீத மேல்வரியும் சேர்த்து 10,400 கட்டியாக வேண்டும். பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்ற செய்தியை மட்டும் படித்தவர், மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் இருக்கும்போதே வரி பாக்கிக்காரர் ஆகிவிடுகிறார். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைசெய்தது. அதற்குமுன் அவற்றில் வென்றதற்கும் 30 சதவீத வரி உண்டு. அடிப்படை விலக்குகூட அதற்குக் கிடையாது. சட்டம் இளைஞரின் உழைப்பைத் தாராளமாக விட்டுவிட்டு அவருடைய பந்தயத்தை முதல் ரூபாயிலிருந்தே பிடிக்கிறது. இதில் எனக்குக் குறை இல்லை. குறை, இந்த வேறுபாட்டை யாரும் அவரிடம் சொல்லாததில்தான்.

மிகக் கனமான மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வருவது. பையன் ரிட்டர்ன் போட்டால் அம்மாவின் உரிமைத்தொகை நின்றுவிடும் என்ற அச்சம். கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்தின் தொப்பூரில்தான். மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தகுதி. அதற்கு மேல் ஈட்டி வருமான வரித் தாக்கல் செய்பவர்களும் வரி செலுத்துபவர்களும் உள்ள குடும்பம் தகுதியற்றது. அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்வது நேர்மையாகாது. விதியை வரிக்கு வரி படித்தால் அதில் இரண்டு பாதி இருக்கிறது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குக் கீழே இருக்க, பிடித்த இரண்டாயிரத்தைத் திரும்பப் பெற ரிட்டர்ன் போடும் டெலிவரித் தொழிலாளியின் வீடு இந்த விலக்கில் வராது. 3.6 லட்சம் ஈட்டுபவரின் வீடோ ரிட்டர்ன் போட்டாலும் போடாவிட்டாலும் வருமானத்தாலேயே வரம்பைக் கடந்துவிட்டது. ரிட்டர்ன் அதை எழுத்தில் காட்டுகிறது, அவ்வளவே. ஆண்டுக்கு 12,000 நிலைக்க வேண்டுமென்று 36,000ஐ அரசிடமே விட்டுவைப்பவர் பணக் கணக்கிலும் தோற்கிறார். ஆனால் 1,000 ரூபாய் டி.டி.எஸ்.சுக்காக இந்தக் குழப்பத்தில் தலையிட வேண்டாம் என்று ஒதுங்கும் தாயின் முடிவை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நிச்சயமாக வரும் ஆயிரத்தை, வருமா என்று தெரியாத ஆயிரத்துக்காக அவர் பணயம் வைக்க மறுக்கிறார்.

மாற வேண்டியது விதியின் வாசகம். 2.5 லட்சம் என்ற எண் வருமான வரியின் பழைய முறை விலக்கு வரம்போடு பொருந்திப்போகும் எண். இயல்பான முறையில் அந்த வரம்பு இப்போது 4 லட்சம். வரி செலுத்துபவரையும் தாக்கல் மட்டும் செய்பவரையும் ஒரே தட்டில் வைப்பதும் இன்றைய நிலைக்குப் பொருந்தவில்லை. நாட்டில் ரிட்டர்ன் போடும் தனிநபர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வரி ஏதும் கட்டாதவர்கள். தாக்கல் என்பது வசதியின் அடையாளமாக இருந்த காலம் போய்விட்டது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. முந்தைய மதிப்பீட்டாண்டில் வரி செலுத்தியவர்களை அது விலக்குகிறது, தாக்கல் செய்தவர்களை விலக்கவில்லை. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 நிறையாத பிள்ளைகள் மட்டும். வேலைக்குப் போன மகனின் வரி தந்தையின் தவணையைத் தொடாது. உரிமைத்தொகை விதியிலிருந்து தாக்கல் செய்பவர் என்பதை நீக்கி, செலுத்துபவர் என்பதை மட்டும் வைத்தாலே, பிடித்த பணத்தைக் கேட்கத் தயங்கும் பிள்ளைகளுக்குத் தடை விலகும். வருமான வரம்பு தனியே இருந்துகொண்டிருப்பதால் வசதியான குடும்பம் எதுவும் இதன் வழியே உள்ளே நுழைந்துவிடாது.